ஃபெரி சாப்

லேட்டா வர்ற பிள்ளைங்க பேரெழுதுற அந்த லேட் புக்கா? அதெல்லாம் கரையான் அரிச்சிருச்சுமா, அதிரா. பழைய கட்டடத்துல இருந்து மாறுனப்பவே போச்சு. ஸ்கூலுக்கு அறுபது வருஷம்னு நீங்க எக்சிபிஷன் வைக்கிறீங்க, நல்ல விஷயம்தான், ஆனா அந்த புக்கு இல்ல. போனை அந்த பிஸ்கட் டின் மேலயே சாச்சு வச்சுக்க, ரெக்கார்ட் ஆவட்டும். தே ஓ, பால் ஊத்தாத டீதான், சூடா இருக்கு, பாத்துக் குடி.

எங்க விட்டேன்? ஆங், பிட் ஸ்ட்ரீட். இப்ப நீங்க மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ரோடுன்னு சொல்றீங்க, எங்களுக்கு அது எப்பவும் பிட் ஸ்ட்ரீட்தான் லா. நாசி கண்டார் சோத்துக் கடைக்கு மேல ரெண்டு ரூமு, அதான் ஸ்கூலு. யூசுப் சார் அரசாங்க ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தவரு. அப்பல்லாம் பதினஞ்சு வயசுல பரிட்சை ஃபெயில்னா வெளிய போன்னு அனுப்பிருவாங்க. அந்தப் பிள்ளைங்களப் பாத்து மனசு கேக்காம, வேலைய விட்டுட்டு வந்து இத ஆரம்பிச்சாரு. ஃபெயில் ஸ்கூலுன்னுதான் ஊர்ல பேரு. உங்க எக்சிபிஷன் புக்குல அப்படிப் போட மாட்டீங்க, தெரியும். பத்து மணியானா கீழ இருந்து கறி வாசம் வந்துரும், அப்புறம் ஒரு பயலும் கணக்கப் பாக்க மாட்டான்.

இல்லமா, மொதல்ல பையனுங்க மட்டும்தான். எழுபத்து மூணுல நாங்க நாலு பொம்பளப் பிள்ளைங்க சேந்தோம். எங்கப்பா முடியவே முடியாதுன்னுட்டாரு. சார் வீட்டுக்கே வந்து உக்காந்து, உங்க மகள் ஜெகதீஸ்வரி என் பொறுப்புன்னு சொன்னாரு. பையனுங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு இரும்பு அலமாரி. போர்டு தெரியலன்னு நாங்க கத்துனதுல மூணாம் மாசமே அத நகத்திட்டாரு. அவ்வளோதான், ஆணும் பொண்ணும் சேந்து படிக்கிற ஸ்கூல் ஆனது அப்படித்தான். நீங்க என்னமோ புரட்சின்னு எழுதியிருக்கீங்க.

படிச்சு முடிச்சதும் அங்கயே கிராணி வேல, ஆப்பீஸ்ல எழுதுற வேல, குடுத்தாரு. முப்பத்தெட்டு வருஷம். ஆமா, எல்லாரும் ஜெகா அக்காதான். பிரின்சிபல் கூட அக்கான்னுதான் கூப்பிடுவாரு.

சாப்பா? அத யாரு சொன்னா உனக்கு? சரி, சொல்றேன். நம்ம ஸ்கூல்ல ஹாஸ்டல் கிடையாது, எல்லாம் காலைல வந்து மத்தியானம் போற பிள்ளைங்க. பாதிப் பேரு கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், ஃபெரியிலதான் வரணும். கேட் ஏழு இருவதுக்கு மூடிரும். மூணு தடவ லேட்டுன்னா வீட்டுக்கு லெட்டர், அதுக்கு மேல சஸ்பென்ட். ஆனா ஃபெரி லேட்டானா பிள்ளைங்க என்ன செய்யும், நீந்தியா வரும்? அதுக்காக சார் ஒரு ரப்பர் சாப், முத்திர குத்துறது, செஞ்சாரு. லேட் புக்குல பேருக்குப் பக்கத்துல சிவப்பா ஃபெரின்னு அடிச்சிட்டா அது லேட்டே இல்ல. அந்த சாப் என் கையிலதான் இருந்துச்சு.

தொண்ணூத்தி ரெண்டுல தனலெட்சுமின்னு ஒரு பிள்ள, ஃபோர்ம் ஃபைவ். நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. சுங்கை பினாங் ஃபிளாட்டு, கடலுக்கு இந்தப் பக்கம்தான், ஃபெரியே வேணாம். அம்மா தேங்காப்பால் சோறு, நாசி லெமாக், பொட்டலம் கட்டுவாங்க, இவ விடியக்காலைல ஃபெக்டரி பஸ் நிக்கிற எடத்துல வித்துட்டு ஸ்கூலுக்கு ஓடி வருவா. பஸ் லேட்டா வந்தா இவளும் லேட்டு. விரல்ல சம்பல் வாசம் அப்படியே இருக்கும். கேட்டுக்கிட்ட மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பா, ஒரு வார்த்த கெஞ்ச மாட்டா. ரெண்டு தடவ லேட் ஆயிருச்சு. மூணாவது தடவ நான் சாப்ப எடுத்து ஃபெரின்னு அடிச்சிட்டேன்.

அட, அவ கேக்கலமா. நானாத்தான் அடிச்சேன். அவ புக்கப் பாத்தா, என்னப் பாத்தா, தேங்ஸ்க்கான்னு சொல்லிட்டு கிளாசுக்கு ஓடிட்டா. அப்புறம் அதே பழக்கமாப் போச்சு. அவ தல தெரிஞ்சாலே என் கை தன்னால சாப்புக்குப் போயிரும். கெட்டிக்காரி, கணக்குல அவதான் ஃபர்ஸ்ட். காலேஜுக்குப் போவான்னு சார் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

ஜூன் மாசம் ஒரு நாள், சார் பட்டர்வொர்த்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு காலைல பிள்ளைங்களோட பிள்ளைங்களா ஃபெரியில வந்திருக்காரு. எனக்குத் தெரியாது. பட்டர்வொர்த் பிள்ளைங்க அத்தன பேரும் அன்னிக்கு நேரத்துக்கு வந்துட்டாங்க. புக்குல அன்னிக்குள்ள பக்கத்துல ஒரே ஒரு சிவப்பு சாப். சுங்கை பினாங் பிள்ளைக்கு.

சார் புக்கத் தூக்கிட்டு ஆப்பீசுக்கு வந்தாரு. கோவமா இல்ல, மெதுவாத்தான் கேட்டாரு. ஜெகா, நானே அந்த ஃபெரியிலதான் வந்தேன், இது என்னன்னாரு.

எனக்கு முப்பத்தஞ்சு வயசு அப்ப. சின்னப் பிள்ளையா நான்? உண்மையச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாரு, அவ்வளோதான். ஆனா அவரு எப்பவும் ஒண்ணு சொல்வாரு, ஃபெயில் ஆனவங்களுக்கு இங்க எடம் இருக்கு, பொய் சொல்றவங்களுக்கு இல்லன்னு. என் பொறுப்புன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த மனுசன் முன்னாடி பொய்க்காரியா நிக்க முடியலமா. வாயில வந்துருச்சு. பட்டர்வொர்த்துக்கு வீடு மாறிட்டோம், ஃபெரி லேட்டுன்னு அந்தப் பிள்ளதான் சொல்லுச்சு சார்னு.

அவளக் கூப்பிட்டாரு. அக்காகிட்ட அப்படிச் சொன்னியான்னு கேட்டாரு. அவ என்னைய ஒரு தடவ பாத்தா. ஒரே ஒரு தடவதான். அப்புறம் கீழ குனிஞ்சுக்கிட்டு, ஆமா சார்னா.

ஏன் சொன்னான்னு என்னக் கேக்காத. மூணாவது லேட்டுக்கு வீட்டுக்கு லெட்டர் போகாம நான் காப்பாத்துனேன்ல, அதுக்காக இருக்கும். இந்த முப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்சது அவ்வளோதான்.

பொய் சொன்னதுக்கு அவள ஸ்கூல விட்டு அனுப்புற சர்டிஃபிகேட்ட நான்தான் டைப் அடிச்சேன். எஸ்.பி.எம்., அந்தக் கடேசிப் பெரிய பரிட்சைக்கு அஞ்சு மாசம்தான் இருந்துச்சு. மறுநாள் போயிச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். சார் அதுக்கப்புறம் பதினோரு வருஷம் உயிரோட இருந்தாருமா. கடேசியா ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு, இந்த ஸ்கூல்ல என்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஆளு நீதான் ஜெகான்னாரு. அப்பவும் நான் சரிங்க சார்னுட்டு சாத்துக்குடி உரிச்சுக் குடுத்தேன். எனக்கு வெக்கமா இருக்கு, அதிரா. சோத்துல கை வைக்கிறப்பக்கூட வெக்கமா இருக்கு.

அவளா? ஸ்கூல விட்டுப் போன அடுத்த வருஷம் பசாருக்குப் போறப்ப பாத்தேன். அதே பஸ் நிக்கிற எடம். நாசி லெமாக் கூடை இல்ல. ஃபெக்டரி யூனிஃபோர்ம் போட்டுக்கிட்டு அந்த பஸ்ல அவளே ஏறிப் போனா. நான் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

இரு, எந்திரிக்காத. சனிக்கிழம டின்னர்ல யூசுப் சார் பேருல எனக்கு அவார்டு குடுக்கப் போறீங்கல்ல, அது வேணாம்னு பிரின்சிபல்கிட்ட சொல்லிரு. பழைய மாணவர் பேரெல்லாம் நான்தான உனக்கு டைப் அடிச்சுக் குடுத்தேன்? அதுல தொண்ணூத்தி ரெண்டுல ஒரு பேரு விட்டுப் போச்சு. நான்தான் விட்டேன். அதச் சேத்துரு, அவள டின்னருக்குக் கூப்பிடு. இன்னும் அதே ஃபிளாட்டுதான், மூணாவது மாடி. இல்ல, நான் கூப்பிட மாட்டேன், எனக்கு அந்த மூஞ்சி இல்ல. அவ வந்தா நான் எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சொல்றேன்.

வேணாம், போனை ஆஃப் பண்ணாத. இவ்வளோ நேரம் ஓடுச்சு, ஓடட்டும். போனை மட்டும் கையில எடுத்துக்கிட்டு அந்த டின்னத் தொற. பிஸ்கட் இல்லமா அதுல. கரையானும் அரிக்கல. ஜூன் மாசம் நடுவுல பாரு, ஒரே ஒரு சிவப்பு சாப் இருக்கிற பக்கம்.