காலனி நிறுத்தத்தில் இறங்கியவள்

“...எங்க சாரு சொல்றாரு, கை காட்டி நிக்கிறவங்கள எண்ணலாமாம். பஸ்ஸ நிறுத்துங்கன்னு மட்டும் நான் வாய் திறக்கக் கூடாதாம்!”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் போய்விட்டது.

“இதுக்குப் பேருதான் இன்டர்ன்ஷிப்பாடி? வேடிக்கை பாக்குறது?” என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

“காலனி ஸ்டாப்புல பஸ்ஸே நிக்கிறதில்லன்னு சனங்க மனு குடுத்து அலுத்துட்டாங்க. பஸ் டிப்போ ஆபீஸ்ல ஆதாரம் கேக்குறாங்க. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி. நானே சொல்லி நிறுத்திட்டா, நிக்குதேன்னு அவுங்க தப்பிச்சிக்குவாங்க.”

“உங்க சாரு கூடவா வராரு? யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமில்ல?”

ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தக் காலனி நிறுத்தம் வந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கையை ஆட்டினாள். பேருந்து வேகத்தைக் குறைக்கவில்லை.

“பச்சப்புள்ளயோட வெயில்ல நிக்குது பாருடி. இதையும் எண்ணிக்கோ, போ.”

அவள் போனில் குறித்துக்கொண்டாள். உடனே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். “அண்ணே, இறங்கணும்!”

நடத்துநர் விசில் அடித்தார். பேருந்து சற்றுத் தள்ளிப்போய் நின்றது.

“சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க ஏன்டி இறங்குற?”

“ஏத்துறதுக்கு நிக்கல, இறக்குறதுக்கு நின்னுச்சு. அப்படியே எழுதிக்கிறேன், உண்மைதான?”

சொல்லிவிட்டுப் போனவள், குழந்தைக்காரி ஓடிவந்து சேரும்வரை கடைசிப் படியிலேயே ஒரு காலை வைத்துக்கொண்டு, மெள்ள, மிக மெள்ள இறங்கினாள்.