ஐந்து பேர் படுத்த பாய்

கேப்டன் ஐயா, இலையில் சுற்றி அவிக்கிற உங்கள் ஊர் மரவள்ளிக் கட்டை எனக்கு இன்னும் தொண்டையில் இறங்குவதில்லை. காலையில் உங்கள் காவலர் கொடுத்ததை அப்படியே வைத்துவிட்டேன், தவறாக நினைக்க வேண்டாம். உட்காரச் சொல்கிறீர்கள். நின்றே பேசுகிறேனே. கொஞ்ச நாளாக எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்வதில்லை.

நான் மேற்கே, மாம்ஃபேக்காரன். சண்டையில் வீடு எரிந்த பிறகு கிழக்கே வந்து மெசாங் என்ற இந்தக் காட்டு ஊரில் நர்ஸ் வேலையில் சேர்ந்தேன். மெசாங் மக்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மேற்கிலிருந்து வந்தவன் யாராக இருந்தாலும் அவர்களுக்கு அங்குள்ள பெரிய நகரத்தின் பெயரால் "ஏய், பமெண்டா"தான். ஊர்த் தலைவர் ஆங்குலா, "பமெண்டா ஊசி போட்டா ஊசிக்கே காய்ச்சல் வந்துரும்டோய்" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

லெயோகாடியின் மகள் ஒதீலுக்குக் கொப்புளம் வந்தபோதுதான் நிலைமை மாறியது. அவள் அப்பன் காட்டில் செத்துக் கிடந்த குரங்கைத் தூக்கி வந்து உரித்திருக்கிறான். பிள்ளை அதன் வாலை வைத்து விளையாடியிருக்கிறாள். முகம், உள்ளங்கை, உள்ளங்கால் எங்கும் கொப்புளம். குரங்கு அம்மை என்று பார்த்ததுமே தெரிந்தது. கொப்புளத் தண்ணீரை எடுத்துத் தலைநகர் யாவுண்டே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்பவன்.

ஊர் நடுங்கிப் போயிற்று. பிள்ளையைக் காட்டுக் குடிசையில் விட்டுவிட வேண்டும் என்றார்கள். லெயோகாடி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு மனசு தாங்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே சட்டையைக் கழற்றினேன்.

"நல்லாப் பாருங்க. எனக்கும் வந்ததுதான். எங்க ஊர்ல சளிக்காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிரும்."

"செத்துற மாட்டாங்களா?" என்றார் ஆங்குலா.

"எங்க வீட்ல அஞ்சு பிள்ளைங்க. ஒருத்தருக்கு வந்ததும் அம்மா எல்லாரையும் ஒரே பாயில படுக்கப் போட்டுட்டாங்க. ஒரே தடவையில வந்து தொலையட்டும், அப்புறம் சென்மத்துக்கும் பயமில்லன்னு."

அவர் என் முதுகுத் தழும்புகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப நம்ம பிள்ளைகளுக்கும் அதையே பண்ணிருங்க, டாக்டரே" என்றார். டாக்டரே! அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் உங்களுக்கு அற்பமாகத் தெரியும்.

சனிக்கிழமை பாய் விரிப்பதாக ஏற்பாடு. ஆங்குலா ஆடு வெட்டினார், பெண்கள் நிலக்கடலைக் குழம்பு வைத்தார்கள். அன்று காலையில்தான் யாவுண்டேயிலிருந்து போனில் பரிசோதனை முடிவு வந்தது. மெசாங்கில் கறையான் புற்று மேட்டில் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். ஏறி நின்றேன்.

"ஏயோங், இது உங்க மேற்குப் பக்கத்து அம்மை இல்ல. சனாகா ஆத்துக்கு இந்தக் கிழக்குப் பக்கத்து ரகம். பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா இது ஆளைக் கொல்லும், அதுலயும் சின்னப் பிள்ளைங்களை. அந்தப் பொண்ணைத் தனியா வைங்க. யாரையும் கிட்ட விடாதீங்க."

"சரிங்க மேடம்."

இறங்கினேன். குழம்புச் சட்டியோடு லெயோகாடி எதிரே வந்தாள். "போன்ல யாரு, டாக்டரே?"

"என் தங்கச்சி பெசெம்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆங்குலா முன்னால் போய், நான் சொன்னது தப்பு என்றால் அந்த நிமிஷமே நான் மறுபடி பமெண்டா. அதோடு, போனில் பேசிய அம்மாள் ஒதீலைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். பிள்ளை அன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

பிள்ளைகள் வந்தார்கள். ஒதீலை நடுவில் உட்கார வைத்தேன். எல்லாரும் ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். ஆங்குலாவின் பேரன் ப்ரோஸ்பேர் மட்டும் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தான். நான்தான் அவனைத் தூக்கி அவளை ஒட்டி உட்கார வைத்தேன். அவன் திமிறத் திமிற வேடிக்கை காட்டிச் சிரிக்க வைத்தேன்.

ஒதீல் பிழைத்துக்கொண்டாள். ஒரு கண்தான் போயிற்று. ப்ரோஸ்பேர் முதலில் போனான். அவனுக்கு அடிக்கடி மலேரியா வரும், நோஞ்சான். பிறகு அன்று பாயில் இருந்த இரட்டைப் பிள்ளைகள். அவர்களும் நோஞ்சான்கள்தான். கடைசியாக லெயோகாடியின் கைக்குழந்தை. பாலும் சரியாகக் குடிக்காத குழந்தை அது. யாவுண்டே அம்மாள் திரும்பத் திரும்ப அழைத்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அதன் பிறகு நான் புற்று மேட்டில் ஏறவில்லை. மழைக்காலம், வழுக்கும்.

ஆமாம் ஐயா, தெரிந்துதான் விரித்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, நாற்காலி வேண்டாம், நிற்கிறேன். அந்தப் பாய் எங்கள் வீட்டில் பலித்த பாய். அதை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

லெயோகாடியின் வாக்குமூலத்தில் தங்கை என்று இருப்பதால், போனில் பேசியது யார் என்று உறுதி செய்ய என் தங்கையின் நம்பரைக் கேட்கிறீர்கள். பெசெமுக்கு நம்பர் கிடையாது. அவளும் எங்களோடு அந்தப் பாயில்தான் படுத்தாள். எழுந்தது நாங்கள் நாலு பேர். அவளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, ஐயா. அவள் பிறந்ததிலிருந்தே நோஞ்சான்.