எழுத்துக் கூட்டிக்கொண்டு போன ஆட்டோ

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி கிளம்பியதுமே அந்த அம்மா கேட்டார்.

"மனசு சரியில்லன்னு போனவள பள்ளிக்கூடம் போவச் சொன்ன டாக்டர நீ எங்கனா பாத்துகீறியா?"

"சும்மாவா சொன்னாரு? படிக்காதவங்களுக்கு வயசான காலத்துல மனசு சீக்கிரம் சோந்துடுதாம். நம்ம பொண்ணு கல்யாணம் கட்டிகினு போனதுலேந்து செவுத்தப் பாத்துகினே படுத்துனு இருந்த. இப்ப சாயங்கால கிளாசுன்னா ஓடுற."

"நீ மட்டும் இன்னா பெரிய படிப்பு?"

"எட்டாவது. எனக்கு பொழுது போவலன்னா கையில பேப்பர் கீது. உனக்கு செவுருதான பேப்பரு!"

சேரப்பணஞ்சேரி தாண்டியதும் ப்ளாட் விற்கும் போர்டுகள் வரிசையாக வர ஆரம்பித்தன. அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினார்.

"ம... னை... வி..." சட்டென்று திரும்பினார். "யோவ், இங்க மனைவி விக்கிறாங்கய்யா!"

"ஒழுங்கா படிமே. மனை. விற்பனைக்கு."

ஆட்டோ மொத்தமும் சிரித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த அம்மாவும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெரியவர் மட்டும் சிரிக்காமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, நீயா சிரிக்கிற?"

"கம்முனு இருய்யா, அடுத்த போர்டு வருது."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.