பச்சைக் கோடு ஓடிய இருபது நிமிடம்

கோயம்புத்தூர் மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்தில் 11.09.2024 புதன்கிழமை முற்பகல் 11.15 மணிக்கு நேரில் வந்த ஜன்னத் (வயது 43), க/பெ. ஷாநவாஸ், கதவு எண் 14/3, பள்ளிவாசல் சந்து, கோட்டைமேடு, கோயம்புத்தூர் என்பவர், யாரும் அழைக்காமல் தாமாக முன்வந்து சொல்ல, உதவி ஆய்வாளர் சாய்ப்ரியா எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன். கல்யாணங்களில் பெண்கள் பகுதியில் மட்டும் போட்டோவும் வீடியோவும் எடுக்கும் தொழிலைப் பதினாறு வருடமாகச் செய்து வருகிறேன். எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் பெண்கள் பகுதிக்குள் ஆண் போட்டோகிராபர் வருவதில்லை. வாசலில் ஒரு துணிப்பை தொங்கும், வருகிற பெண்கள் தங்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே முக்காடு இருக்காது, ஆட்டமும் சிரிப்புமாக இருக்கும். அங்கே என் கேமரா ஒன்றுக்குத்தான் அனுமதி. நான் நன்றாக எடுப்பேன் என்று யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, என்னைவிட நன்றாக எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடமிருந்து ஒரு படமும் வெளியே போகாது என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

படங்களைக் கொடுப்பதற்கு எனக்கு ஒரு முறை உண்டு. என்னுடைய ஆப்பிள் கம்ப்யூட்டரில் எல்லாப் படங்களையும் பூட்டுப் போட்ட ஒரே ஃபைலாக மாற்றி பென்டிரைவில் ஏற்றுவேன். டிஸ்க் இமேஜ் என்பார்கள். பாஸ்வேர்டு கொடுத்தால் பெட்டி திறந்தது போல உள்ளே இருக்கும் படங்கள் தெரியும், கொடுக்காவிட்டால் யாராலும் ஒன்றும் பார்க்க முடியாது. அந்த பாஸ்வேர்டை மணப்பெண்ணே வந்து தன் கையால் அடிப்பாள், நான் அப்போது திரும்பி நின்றுகொள்வேன். அதன் பிறகு கேமரா கார்டையும் என் கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களையும் அந்தப் பெண் பார்க்கவே அழித்துவிடுவேன்.

கரும்புக்கடையைச் சேர்ந்த நிலோஃபர் (வயது 23) என்ற பெண்ணுக்கும் ஈரோட்டைச் சேர்ந்த உவைஸ் என்பவருக்கும் 30.06.2024 அன்று நிக்காஹ் நடந்தது. அதற்கு முந்தைய நாள் மருதாணி வைபவத்தையும் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். பத்து நாள் கழித்து நிலோஃபர் என் வீட்டுக்கு வந்து பாஸ்வேர்டு அடித்துவிட்டு, பென்டிரைவை வாங்கிக்கொண்டு ஈரோடு போய்விட்டது. அதன் பிறகு ஜூலை 15ஆம் தேதி வாக்கில் எனக்குப் போன் செய்து, பென்டிரைவ் மாமியார் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றும், அப்படித் திறக்காத அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னது. அவர்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர். ஆப்பிளில் செய்த இந்த மாதிரி ஃபைலை அது தானாகத் திறக்காது, அதற்குத் தனியாக ஒரு புரோகிராம் போட வேண்டும். இதைப் போனில் விளக்கிப் பார்த்தேன். அதன் பிறகு உவைஸின் அம்மா போனை வாங்கி, மரியாதை குறையாமல்தான் பேசினார். அவர் சொன்னது: "எங்க ஊட்டுக் கம்ப்யூட்டர்ல தொறக்காத போட்டோ எங்க ஊட்டுக்கு எதுக்குங்க அம்மணி?"

புதிதாகப் போன வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்னால் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று 19.07.2024 வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஈரோடு போனேன். என் கம்ப்யூட்டரையே கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்கிறார். கொண்டுபோயிருக்கலாம். அடுத்த முறை பார்க்க வேண்டும் என்றால் மறுபடி நான் போக வேண்டும், அதற்கு அலுத்துக்கொண்டு கம்ப்யூட்டரை எடுத்துப் போகவில்லை. முந்தைய இரண்டு நாளும் சூலூரில் ஒரு கல்யாணம் எடுத்து, தோளைத் தூக்க முடியாமல் இருந்தேன்.

அவர்கள் வீட்டின் கீழே போர்வைக் கடை வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அந்தக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர்தான். ஆண்கள் எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பெண்கள் ஆறு பேர் கீழே வந்து உட்கார்ந்தார்கள். நான் இன்டர்நெட்டில் தேடி இலவசமாகக் கிடைத்த ஒரு புரோகிராமை இறக்கிப் போட்டேன். அதன் பிறகு நிலோஃபர் வந்து பாஸ்வேர்டு அடித்தது, நான் வழக்கம்போலத் திரும்பி நின்றேன். அந்தப் பிள்ளைக்கு நகத்தில் மட்டும் மருதாணி மிச்சம் இருந்தது.

பாஸ்வேர்டு அடித்த பிறகு படம் உடனே வரவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. என் கம்ப்யூட்டரில் இதே ஃபைல் இரண்டு விநாடியில் திறக்கும். இங்கே இருபது நிமிடம் ஆனது. எதுவோ எங்கேயோ காப்பி ஆகிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியதே தவிர, அதைத் தேடிப் பார்க்கவில்லை. ஜும்மா முடிந்து ஆண்கள் வருவதற்குள் காட்டி முடிக்க வேண்டும் என்ற அவசரம், மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். அதன் பிறகு படங்கள் வந்தன, எல்லோரும் பார்த்தார்கள். நிலோஃபர் முடியை அவிழ்த்துவிட்டு ஆடுகிற படத்தைப் பார்த்து மாமியாரே சிரித்துவிட்டார். எனக்குப் பிரியாணி போட்டார்கள். அதன் பிறகு புரோகிராமை மூடி, பென்டிரைவைப் பிடுங்கி நிலோஃபர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு 22.08.2024 வியாழக்கிழமை அந்த ஆட்டப் படம் உள்பட ஒன்பது படங்கள் வாட்ஸப்பில் பரவின. அடுத்த நாள் உவைஸின் அம்மாவும், நிலோஃபர் வீட்டுப் பெரியவர்களும் ஒரே போனில் ஸ்பீக்கர் போட்டு என்னைக் கேட்டார்கள். அப்போது நான் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறேன்: "என்கிட்ட ஒரு படமும் இல்லீங்க, பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாதுங்க, அது அந்தப் புள்ளைக்கு மட்டும்தான் தெரியும்." நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொன்னேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும் என்றால், படத்தை வெளியே விட்டதும் அந்தப் பிள்ளைதான் என்று ஆகிவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே என் வாயால் கெட்டது இன்னொருத்தி. அன்று சாயந்திரமே நிலோஃபரை அதன் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

அதைச் சொல்லும்போதே எனக்கு அந்தப் பச்சைக் கோடு ஞாபகம் வந்தது. வந்தும் வாயை மூடிக்கொண்டேன். இதை உதவி ஆய்வாளர் அம்மா இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

அதன் பிறகு ஒருநாள் நிலோஃபர் போன் செய்தது. என்னைத் திட்டும் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அக்கா, பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்னு சொன்னீங்களாமே. ஆமாங்க்கா, எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனா நான் யாருக்கும் தரலைங்க்கா, நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டது. நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நம்புவதற்கு என்ன இருக்கிறது, எனக்குத்தான் தெரியுமே. அதன் பிறகு பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வந்த இரண்டு கல்யாணத்தை உடம்பு சரியில்லை என்று சொல்லி விட்டுவிட்டேன்.

இந்த மாதம் 9ஆம் தேதி, பக்கத்து வீட்டு அஃப்ராவிடம் விண்டோஸ் லேப்டாப்பை இரவல் வாங்கி, என் வீட்டுச் சுவரையும் கோழியையும் நூறு படம் எடுத்து, அதே மாதிரி பூட்டுப் போட்டு, அதே புரோகிராமை இறக்கித் திறந்து பார்த்தேன். அதே பச்சைக் கோடு ஓடியது. மூடிய பிறகு தேடிப் பார்த்தால், வெளியே தெரியாத ஒரு ஃபோல்டருக்குள் நூறு படமும் பூட்டு இல்லாமல் கிடந்தன. அந்தப் புரோகிராம் ஆப்பிள் ஃபைலை அப்படியே திறப்பதில்லை, முதலில் பூட்டை எடுத்து ஒரு காப்பி செய்து வைத்துக்கொண்டு அந்தக் காப்பியைத்தான் காட்டுகிறது, மூடும்போது அதை அழிப்பதும் இல்லை. இது இன்டர்நெட்டில் அதை இறக்கும் பக்கத்திலேயே கீழே எழுதியிருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. பூட்டைப் பத்திரமாக நிலோஃபர் கையில் கொடுத்துவிட்டு, பொருளை அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடைக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஆகஸ்ட் மாதம் சர்வீசுக்குக் கொடுத்ததாக நிலோஃபர் மூலம் நேற்று தெரிந்துகொண்டேன். அங்கே யார் எடுத்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியாது, அதைக் காவல் துறை விசாரித்துக்கொள்ள வேண்டும். அஃப்ராவின் லேப்டாப்பை அந்த நூறு படத்தோடு அப்படியே கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

வரும் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஜமாஅத்தில் இரு வீட்டாரையும் உட்கார வைத்துத் தலாக் பற்றிப் பேச இருக்கிறார்கள். அதற்கு முன் இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று ஜமாஅத்துக்கும் ஒன்று உவைஸ் வீட்டுக்கும் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். போனால் அதன் பிறகு என்னை எந்த வீட்டிலும் பெண்கள் பகுதிக்குள் விட மாட்டார்கள். இதை யோசித்தீர்களா என்று உதவி ஆய்வாளர் அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். யோசித்ததால்தான் இத்தனை நாள் ஆனது என்று சொன்னேன்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடைசியில் "இது என்னை அறியாமல் நடந்த தவறு" என்று ஒரு வரி இருந்தது. என் மேல் உள்ள இரக்கத்தில் அம்மா எழுதியது. அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொன்னேன்: "படம் கசிந்தது நான் அறியாமல் நடந்தது. 23.08.2024 முதல் இன்று வரை பத்தொன்பது நாள் அந்தப் பிள்ளை பழி சுமந்தது நான் அறிந்தே நடந்தது." அடித்தல் ஒன்று, திருத்தம் ஒன்று, இரண்டும் என் சொற்படி. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஜன்னத்

என் முன்பாக,
சாய்ப்ரியா, உதவி ஆய்வாளர்