எழுத மறந்த இரண்டு நாள் சீட்டு

பாதங்களுக்குப் பந்தையும் நெஞ்சங்களுக்குப் பண்பையும் பழக்கிய பேராசானே! விசிலை வைத்துவிட்டு விதிகளை வகுக்க வந்த வித்தகரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் மயிலை மைதானத்து வெயிலைத் தலையில் தாங்கிய எங்கள் ஆரோக்கியநாதன் ஐயா, வணக்கம்!

இப்பிரிவு மடலின் முதல் வரைவில் தங்களை 'நேர்மையின் நிலைக்களமே' என்று விளித்திருந்தோம். தாங்கள் வாங்கிப் படித்துவிட்டு, "இதுல ஆம்ப்ரோஸ் எங்கய்யா? அவனை விட்டுட்டு என்னைப் பத்தி எழுதாதீங்க" என்று திருப்பித் தந்தீர்கள். ஆகவே எழுதுகிறோம். அவையோர் பொறுத்தருள்க.

வகுப்பறை வாசலையே மிதிக்காதவர்கள் கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு ஆறேழு ஆண்டுகள் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. வருகைப்பதிவு குறைந்தவர் எவராயினும் ஆடலாகாது என்று போராடி விதி செய்தவர் தாங்கள். மைதான வேலைக்குப் போன நாள்களுக்கு மட்டும், பயிற்சியாளர் அன்றே எழுதித் தரும் ஆன் டூட்டி சீட்டு வருகையாகச் செல்லும் என்றும் வகுத்தீர்கள்.

1970 கார்த்திகை மழையில், கல்லூரிகளுக்கிடையிலான இறுதியாட்டம் நடக்கவிருந்த அடையாற்று மைதானம் குளமாயிற்று. நம் அணித்தலைவர் ஆம்ப்ரோஸைத் தாங்கள்தாம் அனுப்பினீர்கள். இரண்டு நாள் தண்ணீர் இறைத்து மணல் கொட்டினார். அந்த வாரமே தங்களைத் தேடிக் கல்லூரிகளின் கால்பந்துக் குழுச் செயலர் பதவி வந்தது. மாலையும் கையுமாக வந்த எங்கள் கூட்டத்தில் சீட்டு எழுத மறந்துவிட்டீர்கள். மறக்கடித்த பாவத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

இறுதியாட்டத்தன்று காலை பட்டியலைச் சரிபார்த்த செயலரும் தாங்களே. ஆம்ப்ரோஸுக்குச் சரியாக இரண்டு நாள் குறைந்தது.

"இன்னா சார், நீங்க சொல்லித்தானே தண்ணி எறைச்சேன்?"

"ஆமாம்ப்பா, நான்தான் சொன்னேன். ஆனா இன்னிக்கு எழுதினா அது பொய்த் தேதி."

சிவப்பு மையால் பெயரை அடித்தீர்கள். ஆம்ப்ரோஸின் ஆட்டம் பார்த்து வேலை தருவதாக வந்திருந்த தொழிற்சாலை அணியினர், எதிரணிப் பையன் ஒருவனை அழைத்துக்கொண்டு போனார்கள். ஆம்ப்ரோஸ் படிப்பையும் விட்டார். தங்கள் விதி இன்று எல்லாக் கல்லூரியிலும் நிற்கிறது. அதைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறோம், பாராட்ட வாய் வரவில்லை ஐயா!

பொன்னாடை வாங்கத் தியாகராய நகர் ஜவுளிக்கடைக்குப் போனோம். அங்கே புடவை மடிக்கும் ஆம்ப்ரோஸை விழாவுக்கு அழைத்தோம். பொன்னாடையை எடுத்துத் தந்துவிட்டு, வர மறுத்து அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்:

"சார் மேல எனக்கு இன்னா கோவம் கீது? கெட்ட மனுசனா இருந்தா வந்து நாலு வார்த்தை திட்டிட்டாவது போயிருப்பேன். அவரு நல்லவரு சார். அவராண்ட நான் இன்னா பேசறது?"

ஞாயிறு பூசைக்கு ஆம்ப்ரோஸ் வந்திருந்தால் தாங்கள் கோயில் வாசலோடு நின்றுவிடுவதாகக் கேள்விப்படுகிறோம். பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்துவதே முறை. வாழ்த்துகிறோம். அத்தனை ஆண்டும் வாசலிலேயே நிற்கப் போகிறீர்களே என்று எங்களுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போங்கள் ஐயா!

தங்கள் பிரிவால் வாடும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்
மயிலாப்பூர், 31.5.1978