கோமளா பஸ்ஸை விட்டு இறங்கட்டும்

ஹலோ… ஹலோ… ஜானவியா? நான் பெரியப்பா பேசறேன், கரமனைலேருந்து…

ஆமாம், பஞ்சாபகேசன் பெரியப்பாதான். உனக்கு வேறே எத்தனை பெரியப்பா இருக்கா?…

ம்… சௌக்யம், சௌக்யம்… சௌக்யமா இருக்க நீ எங்கே விட்டே? டெக்னோபார்க்ல கம்ப்யூட்டரைத் தட்டிண்டு நன்னாத்தானே இருந்தே. உனக்கு எதுக்காக்கும் இந்தக் கதை எழுதற வேலை?…

எந்தக் கதையா? அந்த வாரப் பத்திரிகையில வரதே, கோமளா, கோமளான்னு ஒருத்தியைப் போட்டு அழ வெச்சுண்டு, அதுதான்…

கற்பனையா? ஓஹோ… சரி, கற்பனைன்னே வெச்சுக்கோ. அப்பா போனப்பறம் ஒண்ணுமில்லாத ஆத்துல ஒரு பொண்ணு. அவளை அண்ணாக்காரன் கல்லாறுக்கு மேல ஒரு எஸ்டேட் கிளார்க்குக்குக் கட்டிக் குடுத்துடறான். அவ அங்கேயே கிடந்து தேயறா. இது யாரு? உன் அத்தை லலிதாதானே? என் கூடப்பிறந்தவதானே? அந்த அண்ணாக்காரன் நான்தானே?…

பேர் மாத்திட்டயா? பேரை மாத்தினா ஆள் மாறிடுமோ? போறாததுக்குத் தமிழ்ல வேறே எழுதறே. ஸ்கூல்ல படிச்சது மலையாளம், சிநேகிதாளோட பேசறது மலையாளம், குடும்ப மானத்தை வாங்கறதுக்கு மாத்திரம் தமிழா? மலையாளத்துல எழுதியிருந்தா நம்ம தெருவுல… என்ன? மலையாளம்னா எல்லாரும் இன்னும் வேகமா வாசிப்பாளா?… ம். அதுவும் சரிதான். அப்போ எழுதாமயே இருந்திருக்கணும்.

நான் கோபமா பேசலை, கேட்டயா. தப்பை எடுத்துச் சொல்றேன். எழுதறதுன்னா உள்ளதை எழுதணும். கோமளா கல்யாணத்துல கட்டிண்டது கடன் வாங்கின கூறைப்புடவைன்னு எழுதியிருக்கே. கடன் யார் வாங்கினா? அது உன் பெரியம்மாவோட புடவை. எங்காத்துப் பெட்டியிலேருந்து எங்காத்துப் பொண்ணுக்கு எடுத்துக் கட்டினா அது கடனா?…

ஆமாம், திருப்பி வாங்கி வெச்சோம். பட்டு இல்லையா? அந்த மழையில, மலையில கொண்டுபோனா பூசணம் பிடிச்சுடாதா?…

ரெண்டாந்தாரம்னு வேறே ஒரு வார்த்தை. எனக்குப் பிடிக்கலை. முதல் சம்சாரம் காலமாயிட்டா. அப்போ அவர் ஒண்டிக்கட்டைதானே? ஒண்டிக்கட்டைக்குப் பொண்ணைக் குடுத்தா அதுக்குப் பேர் ரெண்டாந்தாரமா?… ஆமாம், ஆமாம், வயசு கூடத்தான்… ரொம்பக் கூடத்தான். ஜாதகம் பொருந்தித்தே!

பின்னே, ஆம்படையான் அவ முகத்தையே பாக்க மாட்டான், சுவரைப் பாத்து 'சாப்பாடு ஆச்சா'ன்னு கேப்பான்னு எழுதியிருக்கே பாரு, அது சுத்தப் பொய். சுவரைப் பாத்து இல்லை. ஜன்னலைப் பாத்து. நான் அங்கே போயிருக்கேன், என் கண்ணால பாத்திருக்கேன்…

எதுக்குச் சிரிக்கறே? ஒரு மனுஷன் சம்சாரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடலைன்னா அது குத்தமா? நான் உன் பெரியம்மாவை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா? அவளுக்கு அதுல ஒரு குறை உண்டா?… அவளைக் கேட்டேனா? அவ போய்ச் சேந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, எப்படிக் கேக்கறது?

மாமியார் படுத்த படுக்கை, இவ அள்ளிப் போட்டா, துடைச்சா, குளிப்பாட்டினான்னு அத்தியாயம் அத்தியாயமா எழுதியிருக்கே. அது கடமை. கடமையைப் போய் யாராவது கதையில எழுதுவாளா?… வாசகர்கள் அழுது கடுதாசி போடறாளா? போடட்டும். அவாவா ஆத்து மாமியாரை அவாவா பாத்துண்டிருந்தா எதுக்கு அழணும்?…

இரு, இரு, குறுக்கே பேசாதே. நான் சும்மா இருந்துடலை. நம்ம சமூகத்துச் சங்கத்தோட பொதுக்குழுவுல எழுந்து நின்னேன். 'கோமளா என்கிற கதாநாயகிக்கும் என் சகோதரி லலிதாம்பாளுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை, அந்த அண்ணன் நான் இல்லை'ன்னு தீர்மானமே போட வெச்சேன். டைப் அடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. கையெழுத்து முதல்ல என்னுதுதான்…

என்ன?… அதுக்கு முன்னாடி தெருவுல யாருமே அந்தக் கதையைப் படிக்கலையா?… யார் சொன்னா? ஸ்ரீலட்சுமியா? எதிராத்து ஸ்ரீலட்சுமியா?… இப்போ தம்பானூர் பஸ் ஸ்டாண்டு கடையில பழைய இதழ் கூட மிச்சமில்லையா?…

ம்… சரி… அது போகட்டும். நான் நல்லதுக்குத்தான் பண்ணினேன்.

இப்போ எதுக்குக் கூப்பிட்டேன்னா… ஒரு நிமிஷம் இரு, கதவைச் சாத்திக்கறேன்… ஆங். லலிதா இங்கேதான் இருக்கா. கண் ஆபரேஷனுக்கு வந்தா இல்லையா? கட்டு அவிழ்த்தாச்சு. டாக்டர் போகலாம்னுட்டார். நானும் பஸ் ஏத்தி விடறேன்னுட்டேன். இவ போகலைங்கறா… போக மாட்டேன்னு இல்லை. 'கோமளா என்ன ஆறான்னு தெரிஞ்சுண்டு போறேன் அண்ணா'ங்கறா…

ஆமாம், தன் கதைன்னு தெரியும். தெரியாம இருக்குமா? புதுக் கண்ணால முதல்ல படிச்சதே அதைத்தான். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. படிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டா. அதாக்கும் எனக்குப் பயமா இருக்கு.

மாப்பிள்ளை அங்கே தனியாத் திண்டாடறார். எஸ்டேட்டும் பூட்டியாச்சு, அந்தக் குவார்ட்டர்ஸ்ல அவரும் மழையும்தான். நேத்து போன் பண்ணினார்… இல்லை, அவளைக் கேக்கலை. கண் எப்படி இருக்குன்னும் கேக்கலை. 'இங்கே சமைக்க யாராவது வருவாளா'ன்னு கேட்டார். மனுஷன் மனசுல எத்தனை ஏக்கம் இருந்தா அப்படிக் கேப்பார், நீயே சொல்லு…

ஜானவி, விளையாடாதே. போன வாரம் கோமளாவைக் கல்லாறுல பஸ்ல ஏத்தி உக்கார வெச்சுட்டு 'அடுத்த இதழில் முடியும்'னு போட்டுட்டே. அவ எங்கே போறா? அதைச் சொல்லு… சொல்ல மாட்டயா? அப்போ நான் சொல்றேன். கோமளா பஸ்ஸை விட்டு இறங்கட்டும். நேரா ஆம்படையானாத்துக்குப் போகட்டும். அவ போயிட்டான்னா லலிதாவும் போயிடுவா. மனசிலாச்சோ?…

முடியாதுன்னா சாகடிச்சுடு… ஆமாம், நான்தான் சொல்றேன். ஆறு பக்கத்துலதானே இருக்கு? பாறையில கால் வழுக்கி விழட்டும். வழுக்கித்தான் விழணும், கேட்டயா? குதிக்கப்படாது. குதிச்சா நாணக்கேடு. வழுக்கினா தீர்க்க சுமங்கலி…

என்னது?… இறங்கிடறாளா?… பஸ்ஸை விட்டா?… கடைசி அத்தியாயம் எழுதிக் குடுத்தாச்சா?… திரும்பிப் போயிடறாளா! சபாஷ்! அப்படிச் சொல்லு! அதாக்கும் நம்ம ரத்தம். வெறுதே உன்னைப் போய்த் திட்டினேனே!…

துக்கமான முடிவா? இதுல என்ன துக்கம் இருக்கு? போன இடத்துலேருந்து பொண்டாட்டி ஆம்படையானாத்துக்குத் திரும்பினா அது சுபம்தானே!… ஓ… எதுக்குத் திரும்பறா?… பஸ் எங்கே போனாலும் இறங்கிப் போக ஓர் இடம் இல்லைன்னு நினைச்சுக்கறாளா?… அண்ணாக்காரன் கதவைத் திறக்க மாட்டான்னா?…

ம்… அந்த இடத்துல ஒரு வரி சேத்துக்கோ. கதவைத் திறக்காட்டாலும் அண்ணாக்காரன் மனசுக்குள்ள வருத்தப்படுவான்னு… அவளுக்கு எப்படித் தெரியுமா? தெரிய வேண்டாம். படிக்கறவாளுக்குத் தெரிஞ்சா போறும்.

இரு, போனை வெச்சுடாதே. லலிதாவைக் கூப்பிடறேன். உன் வாயால சொல்லிடு… லலிதா! அடீ லலிதா! இங்கே வா… ஜானவி பேசறா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்… சொல்லும்மா ஜானவி…

கேட்டயா லலிதா? கோமளா திரும்பிப் போயிட்டா. தங்கமான பொண்ணு. ஊரே கையெடுத்துக் கும்பிடப் போறது…

என்ன கேக்கறே?… தெருவுல எல்லாரும் நம்புவாளாவா? நம்பாம என்ன? கோமளாங்கறது நீதான்னு தெரு முழுக்கத் தெரியும். தீர்மானத்துக்கப்பறம் சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். கோமளா திரும்பிட்டான்னா நீ திரும்பிட்டேன்னுதான் அர்த்தம். அச்சுல வந்தப்பறம் யார் மறுக்கப் போறா? மானம் மிஞ்சித்து. எனக்கு அதுதான் வேணும்…

ம்… உள்ளே போறா, ஜானவி. தலையை ஆட்டினா, போனா… பாத்தயா, நான் சொன்னேனே, எடுத்துச் சொன்னா அவ கேப்பா… பை எடுத்துண்டு வரா! கிளம்பிட்டா! நல்ல புடவை கூடக் கட்டிண்டிருக்கா…

லலிதா, ஆட்டோ கூப்பிடட்டுமா? தம்பானூர் போனா கல்லாறு பக்கம் போற வித்துரா பஸ் கிடைக்கும்… என்ன?… வித்துராவுக்கு இல்லையா? பின்னே எங்கே?…

வழுதக்காடா? வழுதக்காட்டுல நமக்கு யார் இருக்கா?… லேடீஸ் ஹாஸ்டலா?… அடுக்களையிலயா?… யாரு ஸ்மிதா?… ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தாளே, அந்த மாமியோட பொண்ணா? அவ நடத்தறாளா? தங்க ரூமும் உண்டா?…

ஜானவி, கேக்கறதா உனக்கு? இவ என்ன சொல்றா பாரு! லலிதா, மாப்பிள்ளைகிட்டே யார் போறது? கோமளா திரும்பிப் போயாச்சுன்னு இப்பத்தானே கேட்டே?…

…என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு…

ஜானவி… 'கோமளா போயாச்சே அண்ணா, அப்பறம் நான் எதுக்கு'ங்கறா. அச்சுல மானம் மிஞ்சியாச்சாம். அது போறும்னு நான்தான் சொன்னேனாம். ரெண்டு பேர் போக வேண்டாமாம்…

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நான் சொன்னது வேறே… ஆமாம், அந்த வார்த்தைதான் சொன்னேன். ஆனா அர்த்தம் வேறே!

நீ எதுக்கு இப்போ அழறே? உனக்கு முன்னாடியே தெரியுமா?… தெரியாதா? சத்தியமா?… என்ன பண்ணப் போறே?… எடிட்டரைக் கூப்பிட்டு முடிவை மாத்தப் போறயா? ஐயையோ, மாத்தாதே! ஜானவி, நான் சொல்றதைக் கேளு. கோமளா திரும்பித்தான் போகணும். எனக்கு மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான்…

லலிதா, நில்லு! சரி, போறதுன்னு தீர்மானிச்சுட்டே. கொல்லைப்பக்கமாப் போ. அந்தச் சந்து வழியாப் போனா யார் கண்ணுலயும் பட மாட்டே. ஹாஸ்டலுக்குன்னு சொல்லிக்க வேண்டாம், கண் செக்கப்புன்னு… லலிதா! அடீ, உன்னைத்தான்!…

முன்வாசல்ல இறங்கிட்டா, ஜானவி. செருப்பைப் போட்டுக்கறா. எதிராத்துல ஸ்ரீலட்சுமி நிக்கறா, கோலம் போட்டுண்டு… இல்லை, கோலம் போட்டாச்சு. வெறுதே நிக்கறா… கேட்டுட்டா, எங்கே கிளம்பிட்டேள் மாமின்னு… இரு, இரு, லலிதா என்ன சொல்றான்னு கேக்க விடு…

…'வேலைக்கு'ங்கறா.

சத்தமாச் சொல்றா, ஜானவி. இத்தனை நாள் இவளுக்கு இப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. ஹாஸ்டல்ல சமையல்னு… பேத்தி மாதிரிக் குட்டிகள் எல்லாம் பேர் சொல்லி, 'லலிதாம்மா'ன்னு கூப்பிடுவாளாம்… அதையும் சொல்றா…

பக்கத்தாத்துலேருந்தும் ஆள் வந்துட்டா. எல்லாரும் இங்கே திரும்பிப் பாக்கறா… இரு, நான் வாசலுக்குப் போறேன்… இரு, வெச்சுடாதே…

ஸ்ரீலட்சுமி! ஏ ஸ்ரீலட்சுமி! சமையல் இல்லை, கேட்டயா? மேற்பார்வை! சமையல்காரா வேறே இருக்கா! லலிதா பாத்துக்கறது மேற்பார்வையாக்கும்!…

ஹலோ… ஜானவி?… அழறயா, சிரிக்கறயா?… நீயும் அப்படியே எழுதிக்கோ. மேற்பார்வைன்னு எழுது…

ஹலோ?… ஹலோ?…