மூணாம் நம்பருக்குப் பொட்டு

மேடம், என் வாக்குமூலம் என்று ஏட்டையா எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. ஆனால் எட்டு இடத்தில் 'சுவிட்ச்' என்று எழுதியிருக்கிறார். அது சுவிட்ச் இல்லை, பிரேக்கர். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் கேட்டேன்.

என் பெயர் அரிகிருஷ்ணன், ஊர் சிங்கவரம். செஞ்சியில் கடலை எண்ணெய் மில்லில் பதினேழு வருடமாகக் கரண்ட் ரூமைப் பார்த்துக்கொண்டவன். அங்கே ஆளுயர இரும்பு பீரோக்கள் நாலு வரிசையாக நிற்கும். நாங்கள் பேனல் என்போம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிரேக்கர். ஒன்றாம் நம்பர் வெளியிலிருந்து வருகிற பதினோராயிரம் வோல்ட்டை வாங்கும். இரண்டு, குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்பும். அது தீபாவளி பொங்கலுக்குக்கூட நிற்காது. மூன்று, செக்கு மோட்டார்களுக்கு. நாலாவது வெட்டியாக நிற்கிறது.

பிரேக்கரை மேசை டிராயர் மாதிரி வெளியே இழுக்கலாம். முதலில் ஆஃப் செய்ய வேண்டும். ஆனில் இருந்தால் இடத்தைவிட்டு அசையாது, அவ்வளவு ஒழுக்கமான சாமான். பிறகு கைப்பிடியைச் செருகி இருபத்திரண்டு சுற்று. மெதுவாகப் பின்வாங்கி வந்து தள்ளுவண்டியில் ஏறி நிற்கும். திரும்ப உள்ளே அனுப்பும்போது கடைசிச் சுற்றில் 'ணக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். என் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோதுகூட அப்படிப் புல்லரிக்கவில்லை. இதைத் தைலம்மாளிடம் சொல்லிவிடாதீர்கள், அவள் என் மனைவி.

ஆயுத பூசைக்கு முதல் நாளே செக்குகள் நின்றுவிடும். அதனால் மூணாம் நம்பரை வெளியே இழுத்து, துடைத்து, மாலை போட்டு, முதலாளி குடும்பத்தின் முன்னால் சந்தனப் பொட்டு வைப்போம். வைப்போம் என்ன, வைப்பேன். பதினாறு பூசைக்கு என் விரல்தான்.

இந்த வருடம் பூசைக்கு மூன்று நாள் இருக்கும்போது மேனேஜர் ரங்கநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். "அரி, இந்த வாட்டி ஜெயராமன் பொட்டு வெக்கட்டும். நீதான் வருசா வருசம் வெக்கிறியே" என்றார்.

ஜெயராமன் அவலூர்பேட்டையில் ஒரு மில்லில் இருந்து இரண்டு வருடம் முன்பு வந்தவன். நான் ஒரு நிமிடத்தில் சுற்றுகிற இருபத்திரண்டு சுற்றை அவன் அரை நிமிடத்தில் சுற்றிவிடுவான். நல்ல மனுஷன், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. "வெக்கட்டும் சார்" என்று சிரித்தேன். சிரித்த முகத்தோடுதான் வீட்டுக்கும் போனேன். ராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சுத்தம் செய்கிற வேலை. பேனல்களுக்குப் பின்னால் ஒரு ஆள் மட்டும் போகிற சந்து உண்டு. சாவி என்னிடம்தான் இருக்கும், ஜெயராமன் அங்கே போனதே இல்லை. பின்பக்கக் கதவுகளில் நம்பர்கள் மங்கிப் போயிருந்தன. மஞ்சள் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். முன்னால் நின்று பார்த்தால் இடப்பக்கத்தில் இருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பின்னால் போனால் வரிசை திரும்பிவிடும், இடக்கோடியில் நிற்பது நாலு. நான் பின்னாலும் இடப்பக்கத்தில் இருந்தே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எழுதினேன். அப்படி எழுதினால் இரண்டாம் பேனலின் முதுகில் மூன்று என்று விழும். தெரியாமல் எழுதிவிட்டதாகச் சொல்லச் சொல்லி எந்த வக்கீலும் கற்றுத் தருவார். பதினேழு வருடம் அந்தச் சந்தில் எலிப்பொறி வைத்தவனுக்கா தெரியாது.

அந்த மூன்றை எழுதி முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. தலை கிறுகிறுத்தது. கால் தரையில் பாவவில்லை. பஜாரில் இறங்கி அல்வாவும் இரண்டு முழம் பூவும் வாங்கினேன். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தேன். "இன்னாங்க, இன்னிக்கு ஒரே குஷியா இருக்கீங்க?" என்று தைலம்மாள் கேட்டாள். பூசை வருதில்ல என்றேன்.

என் கணக்கு இதுதான். ஜெயராமன் முன்னால் மூணாம் நம்பரை இழுப்பான். உள்ளே தூசி துடைக்கப் பின்னால் வந்து, மூன்று என்று எழுதியிருக்கிற கதவைத் திறப்பான். உள்ளே இருப்பது கரண்ட் ஓடுகிற இரண்டு. கை வைக்கும் முன் டிடெக்டரை நீட்டிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அது நீளமான கம்பு, நுனியில் ஒரு பெட்டி, கரண்ட் இருந்தால் வீல் என்று கத்தும். கத்தினால் எல்லாரும் ஓடி வருவார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் தெரியாதவனா பொட்டு வைப்பது என்று மேனேஜர் கேட்பார். ஒரு சின்ன விளையாட்டு, வேறொன்றுமில்லை.

பூசைக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு அவன் மூணாம் நம்பரை இழுத்து வண்டியில் ஏற்றினான். எவ்வளவு அழகாக வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அண்ணே, நாளிக்கு பொட்ட நீங்களே வெச்சுடுங்க. எனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம். மேனேஜர்கிட்ட நான் சொல்லிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது மேடம். உண்மையாகவே கலங்கியது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் மகள் அனு பிளஸ் டூ படிக்கிறாள், அவள் மார்க்கைப் பற்றிக்கூடக் கேட்டேன். நம்பரைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பெயிண்ட் காய்ந்துவிட்டது. எனக்கோ மனசு ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது, இறங்கத் தோன்றவில்லை.

பின்பக்கச் சந்துக்குப் போனோம். கதவில் எட்டு போல்ட்டு. கழற்றிய போல்ட்டுகளை அவன் ஒவ்வொன்றாகத் தர, நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கதவை இறக்கிச் சாய்த்து வைத்தோம். துணியைத் தேடிப் போய் எடுத்து வந்தவன், கதவருகே நின்று திரும்பினான்.

"டிடெக்டர் காட்டிப் பாத்துட்டீங்களாண்ணே?"

அவன் துணியைத் தேடப் போயிருந்தபோதே நீட்டிப் பார்த்திருந்தேன். "பாத்துட்டேன், சத்தமே வரல" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவன் கை பட்டதும் இரண்டாம் நம்பர் டிரிப் ஆனது, தானே கரண்டை வெட்டிவிட்டது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை, நல்ல பிரேக்கர். ஆனால் மனுஷ உடம்புக்கு அந்த நேரமே போதும். மேனேஜர் ஓடி வந்தார், எல்லாரும் ஓடி வந்தார்கள். நான் நினைத்தபடியேதான் ஓடி வந்தார்கள். கிடங்கு இருட்டாகிவிட்டதே என்று நான் அழுதேன். அவனுக்காக அழுகிறேன் என்று நினைத்து ஆளாளுக்கு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் பூசை நடக்கவில்லை. மூணாம் நம்பர் வண்டியிலேயே பொட்டில்லாமல் நின்றது. நல்ல நாளில் அப்படி விடலாமா. சாவியோடு போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் வந்து பிடித்தீர்கள். சந்தனம் கையிலேயே காய்ந்துவிட்டது. அதில் மட்டும் எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் வருத்தம்.

டிடெக்டர் ஏன் கத்தவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். கத்தும் என்று நம்பித்தானே அந்த விளையாட்டையே ஆரம்பித்தேன். சம்பவத்தன்று காலை சரஸ்வதி படத்தைச் சுற்றிக் கலர் லைட் கட்டினோம். குட்டி லைட், மூன்று கலரில் மினுக் மினுக்கென்று எரியும். அதற்கு பேட்டரி போதவில்லை என்று டிடெக்டரில் இருந்ததைக் கழற்றி நான்தான் போட்டேன். கம்பை நீட்டியபோது அது ஞாபகம் வந்தது. ஆனால் சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது மேடம்.